பேரப்பிள்ளை யார் பொறுப்பில்? தாத்தா பாட்டியரும் குடும்பநல நீதிமன்றமும்



ஆண்டுதோறும் ஜூலை 26ஆம் நாள் புனித சுவக்கின், அன்னா திருவிழாவைக் கொண்டாடுகிறோம். அன்னை மரியாவின் பெற்றோர். நம் ஆண்டவர் இயேசுவுக்குத் தாத்தா, பாட்டி. இந்தத் திருவிழாவை ஒட்டி வரும் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறை, தாத்தா பாட்டியர் மற்றும் முதியோருக்கான உலக நாளாக 2021ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தினார். அன்று நம் பங்குகளில் முதியோரை முன்வரிசையில் அமர வைக்கிறோம். பொன்னாடை போர்த்துகிறோம். பிள்ளைகள் பாட்டுப் பாடி மகிழ்விக்கிறார்கள். நல்லது.

ஆனால் அந்த முன்வரிசையில் இருப்பவர்களில் சிலர், ஓய்வெடுக்க வேண்டிய வயதில் மறுபடியும் பள்ளிக்கூட வாசலில் புத்தகப் பையோடு நிற்பவர்கள். மகள் இறந்துவிட்டாள், மருமகன் மறுமணம் செய்துகொண்டார். மகன் குடிக்கு அடிமையானான்; மருமகள் தாய்வீடு போய்விட்டாள். பெற்றோர் இருவரும் வளைகுடா நாட்டில் வேலைக்குப் போயிருக்கிறார்கள். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனா சில வீடுகளில் தந்தை, தாய் இருவரையுமே கொண்டுபோய்விட்டது. காரணம் எதுவானாலும், பிள்ளை பாட்டியின் மடியில் இருக்கிறது.

பல ஆண்டுகள் இப்படியே ஓடிவிடும். யாரும் எதுவும் கேட்பதில்லை. பின்பு ஒருநாள், "என் பிள்ளையைக் கொடுங்கள்" என்று தந்தையோ தாயோ வந்து நிற்கிறார். அல்லது மறுபக்கத்துத் தாத்தா பாட்டி வழக்குப் போடுகிறார்கள். அப்போதுதான் "நான்தானே வளர்த்தேன், எனக்கு உரிமை இல்லையா?" என்ற கேள்வி எழுகிறது. இந்தக் கேள்விக்குச் சட்டம் என்ன சொல்கிறது, நம் விசுவாசம் என்ன சொல்கிறது என்று இக்கட்டுரையில் சிந்திப்போம்.

சாலமோனின் வாளும் இன்றைய நீதிமன்றமும்

ஒரு குழந்தைக்காக இரு பெண்கள் அரசர் சாலமோனிடம் வழக்காடிய நிகழ்ச்சி நம் அனைவருக்கும் தெரியும் (1 அரசர் 3:16-28). அரசர் வாளைக் கொண்டுவரச் சொன்னார். உண்மையான தாய், குழந்தை உயிரோடு இருந்தால் போதும், அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுக்கொடுக்க முன்வந்தாள். அரசர் யார் உரக்கப் பேசினார் என்று பார்க்கவில்லை. யார் பெற்றார் என்பதற்குச் சான்று தேடவும் வழியில்லை. குழந்தையின் நலனுக்காகத் தன் உரிமையையே இழக்கத் துணிந்தவர் யார் என்பதைத்தான் பார்த்தார்.

இன்றைய நீதிமன்றங்களும் ஏறத்தாழ இந்தக் கண்ணோட்டத்தோடுதான் வழக்கைப் பார்க்கின்றன. "குழந்தையின் நலனே தலையாயது" என்பது இவ்வகை வழக்குகளின் அடிப்படை விதி. 1973ஆம் ஆண்டு, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாக வந்த ஒரு கிறிஸ்தவத் தம்பதியரின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்கள் அல்லர், விளையாட்டுப் பொம்மைகளும் அல்லர் என்ற கருத்தை அது வலியுறுத்தியது. பிள்ளையின் பொறுப்பு குறித்த ஆணை என்றைக்கும் மாறாத ஆணை அல்ல, சூழ்நிலை மாறினால் அதையும் மாற்றலாம் என்றும் விளக்கியது. இன்று தோற்றவர் நாளை வெல்லலாம். இன்று வென்றவரும் கவனமாக இருக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

கிறிஸ்தவர்களுக்கு எந்தச் சட்டம்?

திருமணத்துக்கும் மணமுறிவுக்கும் கிறிஸ்தவர்களுக்கெனத் தனிச் சட்டங்கள் உண்டு. ஆனால் பிள்ளைகளின் காப்பாளர் யார் என்பது பற்றி நமக்கெனத் தனிச் சட்டம் கிடையாது. எல்லா மதத்தினருக்கும் பொதுவான 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே நமக்கும் பொருந்தும். வழக்கறிஞர்கள் இதைக் 'கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட்' என்பார்கள். கணவன் மனைவிக்கு இடையே மணமுறிவு வழக்கு நடக்கும்போது மட்டும், 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டத்தின்படி அந்த நீதிமன்றமே பிள்ளைகளைப் பற்றியும் ஆணையிடலாம்.

தாத்தா பாட்டி வழக்காட வேண்டுமானால் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்தான் மனு செய்ய வேண்டும். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, குடும்பநல நீதிமன்றம் உள்ள இடங்களில் அங்கேயும், இல்லாத இடங்களில் மாவட்ட நீதிமன்றத்திலும் மனு விசாரிக்கப்படும். பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊருக்குரிய நீதிமன்றத்தில்தான் மனு செய்ய வேண்டும். எனவே, வழக்கு வரும் என்று பயந்து பிள்ளையை இரவோடு இரவாக வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோவதால் பயன் எதுவும் இல்லை. அது நீதிபதியின் மனத்தில் ஐயத்தைத்தான் உண்டாக்கும்.

இச்சட்டத்தில் இரண்டு பிரிவுகளை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பிரிவு 19. தந்தையோ தாயோ உயிரோடு இருந்து, அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாத நிலையில், வேறொருவரைப் பிள்ளையின் காப்பாளராக நியமிக்கக் கூடாது என்பது இதன் சாரம். முன்பு தந்தை மட்டுமே இங்குக் குறிப்பிடப்பட்டிருந்தார். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தாயும் சேர்க்கப்பட்டார். தாத்தா பாட்டியர் பெரிதும் இடறுவது இந்தப் படியில்தான்.

இரண்டாவது, பிரிவு 17. காப்பாளரை நியமிக்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும் என்று இது சொல்கிறது: பிள்ளையின் வயது, ஆணா பெண்ணா, எந்த மதம், காப்பாளராக வர விரும்புவோரின் குணநலன், திறன், உறவின் நெருக்கம், இறந்த தந்தை அல்லது தாயின் விருப்பம் ஏதும் இருந்தால் அது, பிள்ளையோடு அவருக்கு இதுவரை இருந்த உறவு. விவரம் தெரிந்து விருப்பத்தைச் சொல்லும் வயது பிள்ளைக்கு இருந்தால் அதையும் நீதிமன்றம் கேட்கலாம்.

ஒரு பக்கம் பெற்றோரின் உரிமை. மறுபக்கம் பிள்ளையின் நலன். இரண்டும் ஒன்றாகப் போகும் வீட்டில் வழக்கே வராது. இரண்டும் பிரியும்போது நீதிமன்றம் என்ன செய்தது என்று சில தீர்ப்புகளின் வழியாகப் பார்ப்போம்.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் சில

2008: திருமணமான சில ஆண்டுகளில் ஓர் இளம்பெண் இறந்தார். கணவர்மேல் கொடுமை, மரணம் தொடர்பான குற்ற வழக்குப் பதிவாயிற்று. மகன் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தான். தந்தைதான் இயற்கைக் காப்பாளர் என்று சொல்லி, கீழ் நீதிமன்றமும் கொல்கத்தா உயர் நீதிமன்றமும் பிள்ளையை அவரிடம் ஒப்படைக்க ஆணையிட்டன. உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. தந்தைமேல் நிலுவையிலுள்ள குற்ற வழக்கைச் சரியாக எடைபோடாததும், சிறுவனின் விருப்பத்தைக் கேட்காததும் தவறு என்று சுட்டிக்காட்டியது. நீதிபதிகள் கேட்டபோது, தந்தையிடம் போக விருப்பமில்லை என்றே சிறுவன் சொன்னான்.

2009: பிரசவத்தின்போது தாய் இறந்தார். பிறந்த நாள் முதலே பெண்குழந்தையைத் தாய்வழிப் பாட்டி வளர்த்தார். தந்தை பின்னர் மறுமணம் செய்துகொண்டு குழந்தையைக் கேட்டார். உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றமோ, வேறு வீடே அறியாத பிள்ளையை அந்தப் பாசத்திலிருந்து பிரிப்பது நலமாகாது என்று பாட்டியிடமே விட்டது.

2010: மகாராஷ்டிரத்திலும் இதுபோன்ற ஒரு வழக்கு. பிரசவத்துக்குப் பின் தாய் இறந்தார், தாத்தா வளர்த்தார், தந்தை மறுமணம் செய்துகொண்டார். பிள்ளைக்கு 12 வயது ஆகும்வரை தாத்தாவே காப்பாளர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதேவேளையில், தந்தை பிள்ளையைச் சந்திக்கவும் உடன் வைத்திருக்கவும் நாள்களைக் குறித்துக் கொடுத்தது. தாத்தா வென்றார், ஆனால் தந்தையை வாசலுக்கு வெளியே நிறுத்தும் உரிமை அவருக்குக் கிடைக்கவில்லை.

2022: அகமதாபாத்தில் ஒரு சிறுவனின் பெற்றோர் இருவரும் 2021ஆம் ஆண்டு கொரோனாவில் அடுத்தடுத்து இறந்தனர். தந்தைவழித் தாத்தா பாட்டியும் தாயின் சகோதரியும் அவனைக் கேட்டனர். சித்திக்கு அரசு வேலை, வயது குறைவு, பெரிய குடும்பம். தாத்தாவுக்கு 70 வயதைத் தாண்டிவிட்டது, ஓய்வூதியத்தில் வாழ்பவர். குஜராத் உயர் நீதிமன்றம் சித்தியிடம் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்தது. வருமானத்தையும் வயதையும் மட்டுமே அளவுகோலாகக் கொள்ளக்கூடாது என்பது அதன் முடிவு. சித்தி வந்து பார்ப்பதற்கும் இடமளித்தது.

2025: தாய் 2021இல் இறந்தபின் மகன் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் இருந்தான். அதற்கு முன் சுமார் பத்து ஆண்டுகள் பெற்றோர் இருவரோடும் வாழ்ந்தவன். தந்தை அரசுப் பணியில் இருப்பவர், மறுமணம் செய்தவர், அவர்மேல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், தந்தையை விடத் தாத்தா பாட்டிக்கு மேலான உரிமை இருக்க முடியாது என்று சொல்லி மகனைத் தந்தையிடம் கொடுத்தது. ஆனாலும் உடனே பிடுங்கிக் கொடுக்கவில்லை. பள்ளி ஆண்டு முடிந்தபின் மே மாதத்தில் ஒப்படைக்கச் சொன்னது.

முரண்பாடா?

மேலோட்டமாகப் பார்த்தால், ஒருமுறை தாத்தாவுக்கு, ஒருமுறை தந்தைக்கு என்று தோன்றும். ஊன்றிப் பார்த்தால் எல்லாத் தீர்ப்புகளுக்கும் அடியில் ஒரே மாதிரியான கேள்விகள்தான் இருக்கின்றன.

கேட்டு வரும் தந்தை அல்லது தாயிடம் உண்மையான குறை உண்டா? 2008இல் இருந்தது, 2025இல் இல்லை. பிள்ளை அவரை அறியுமா? 2009இல் அந்தக் குழந்தை பாட்டியை மட்டுமே அறிந்திருந்தது. 2025இல் அந்தச் சிறுவன் தந்தையோடு பத்தாண்டுகள் வாழ்ந்திருந்தான். பிள்ளை என்ன விரும்புகிறது? இடம் மாற்றினால் அதன் படிப்பும் மனமும் என்ன ஆகும்?

இவற்றில் எங்குமே, யாருக்குச் சொத்து அதிகம், யார் வீடு பெரியது என்ற கேள்வி முதலிடம் பெறவில்லை. வாடகை வீட்டில் இருக்கிறோமே, முதியோர் ஓய்வூதியத்தில் வாழ்கிறோமே என்று தாத்தா பாட்டியர் கூச வேண்டியதில்லை. அதேபோல், மருமகன் மறுமணம் செய்துகொண்டார் என்ற ஒரே காரணத்துக்காக அவர் தகுதியற்றவர் ஆகிவிடமாட்டார். இதையும் நாம் ஏற்கத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். சிலர் விரைவாக முடியும் என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுகிறார்கள். தாயை இழந்து உறவினரிடம் வளர்ந்த மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தையின் வழக்கில், 2024ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதுபற்றி எச்சரித்தது. குழந்தை ஓர் அசையும் பொருள் அன்று, அதன் மனநிலையைப் பாராமல் இயந்திரத்தனமாகக் கைமாற்றக் கூடாது என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. பொறுமையாகச் சாட்சியம் கேட்டு விசாரிக்கக் கூடிய இடம் குடும்பநல நீதிமன்றமே.

நீதிமன்றம் போகும் முன் அறிய வேண்டியவை

பெற்றோர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், உறவும் சுமுகமாக இருக்கிறது என்றால் வழக்கு எதுவும் தேவையில்லை. ஆனால் கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல், மாற்றுச் சான்றிதழ் போன்றவற்றில் பெற்றோரின் கையொப்பம் கேட்பார்கள். ஊருக்கு வரும்போதே பெற்றோர் இவற்றை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், "இனிப் பிள்ளையைக் கேட்க மாட்டேன்" என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கி வைத்திருப்பவர்கள் பலர். இப்படிப்பட்ட எழுத்து நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. பிள்ளையைப் பற்றிய உரிமையையும் கடமையையும் ஒரு தாளில் எழுதிக் கைகழுவ முடியாது. அதைவிடப் பெரிய சான்று, நீங்கள் வளர்த்ததற்கான அன்றாடச் சுவடுகளே: பள்ளிச் சேர்க்கையில் உங்கள் கையொப்பம், கட்டண ரசீதுகள், தடுப்பூசி அட்டை, மருத்துவச் சீட்டுகள், ஆசிரியர்கள் உங்களை அறிந்திருப்பது. இவற்றைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

நம் மாநில நீதிமன்றங்களில் இந்த மனுவைச் சுருக்கமாக 'ஜி.டபிள்யூ.ஓ.பி.' என்பார்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இறந்தவரின் இறப்புச் சான்றிதழ், இருப்பிடச் சான்று ஆகியவை தேவை. உயிரோடு இருக்கும் தந்தை அல்லது தாய்க்கு அறிவிப்பு அனுப்பப்படும். வழக்கு முடியும்வரை பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று இடைக்கால ஆணையும் கேட்கலாம். குடும்பநல நீதிமன்றத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். முதலில் சமரசத்துக்கு முயல்வது நீதிமன்றத்தின் கடமை. தேவையானால் மூடிய அறையில் விசாரிக்கவும், நீதிபதி பிள்ளையிடம் தனியாகப் பேசவும் வழியுண்டு. தீர்ப்பில் குறை இருந்தால் 30 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

பணமில்லையே என்று கலங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. எனவே பாட்டி மனுதாரராக இருந்தால் கேட்டுப் பெறலாம். நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். பிள்ளைக்கு அடி, உதை, பாலியல் கொடுமை போன்ற ஆபத்து இருக்குமானால் வழக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். 1098 என்ற எண்ணை அழையுங்கள். மாவட்டக் குழந்தை நலக் குழு உடனே தலையிடும்.

பிள்ளை தாத்தா வீட்டில் வளர்ந்தாலும், அதைப் பராமரிக்கும் செலவுக்குத் தந்தை பொறுப்பாளியே. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்த இந்த உரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் இருக்கிறது.

காப்பாளரும் தத்துப் பெற்றோரும்

காப்பாளர் ஆவது வேறு, தத்தெடுப்பது வேறு. காப்பாளரின் பொறுப்பு பிள்ளைக்கு 18 வயது ஆகும்போது முடிந்துவிடும். அதுவரை உணவு, உடல்நலம், கல்வி ஆகியவற்றுக்கு அவரே பொறுப்பு. சொத்துக்கும் காப்பாளராக நியமிக்கப்பட்டால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் பிள்ளையின் நிலத்தையோ வீட்டையோ விற்கவும் அடகு வைக்கவும் கூடாது. இறந்த மகனின் காப்பீட்டுப் பணமும் விபத்து இழப்பீடும் பிள்ளைக்குச் சேர வேண்டிய பங்கு பிள்ளைக்கே உரியது. பிள்ளைமேல் உள்ள பாசத்தால் வழக்குப் போடுகிறோமா, அந்தப் பணத்துக்காகவா என்பதை நீதிபதி கண்டுகொள்வார். அவர் காணாவிட்டாலும் கடவுள் காண்பார்.

தத்தெடுப்பில் பிள்ளை எல்லா வகையிலும் சொந்தப் பிள்ளை ஆகிறது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது என்பதால், நெடுங்காலம் கிறிஸ்தவர்கள் காப்பாளர் என்ற நிலைக்கு மேல் போக முடியாமல் இருந்தார்கள். இன்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் அந்த வாய்ப்பைத் தருகிறது. உறவினர் தத்தெடுக்கலாம் என்ற பட்டியலில், இருபக்கத்துத் தாத்தா பாட்டியரும் மாமன், சித்தி, அத்தை, சித்தப்பா போன்றோரும் உண்டு. 2022ஆம் ஆண்டு முதல் இதற்கான ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார்.

விவிலியத்திலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. யாக்கோபு தம் பேரன்மாராகிய எப்ராயிமையும் மனாசேயையும் தம் சொந்தப் புதல்வர்களாகவே ஏற்றுக்கொண்டார் (தொடக்க நூல் 48:5). தாய் தந்தையை இழந்த எஸ்தரை உறவினரான மொர்தக்காய் மகளாக வளர்த்தார் (எஸ்தர் 2:7).

திருமுழுக்கைப் போர்க்கருவி ஆக்க வேண்டாம்

கலப்புத் திருமணங்கள் மிகுந்துள்ள நம் பங்குகளில் இன்னொரு சிக்கலும் வருகிறது. வழக்கு நடக்கும்போதே, பிள்ளையை நம் பக்கம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று எண்ணி, பெற்றோருக்குத் தெரியாமல் திருமுழுக்குக் கொடுக்கும்படி சில பாட்டிமார் பங்குத்தந்தையிடம் மன்றாடுகிறார்கள். திருச்சபைச் சட்டம் 868, பெற்றோர் இருவரில் ஒருவராவது, அல்லது சட்டப்படி அவர்கள் இடத்தில் இருப்பவராவது சம்மதிக்க வேண்டும் என்கிறது. பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையும் வேண்டும். சாவு ஆபத்து மட்டுமே இதற்கு விதிவிலக்கு. எனவே பங்குத்தந்தை மறுத்தால் அவர்மேல் கோபம் கொள்ள வேண்டாம். அருளடையாளத்தை வழக்கின் சான்றாவணமாக மாற்றக் கூடாது.

நீதிமன்றம் ஆணையிட்டுக் காப்பாளர் ஆனபின் நிலை வேறு. அப்போது சட்டப்படி நீங்கள் பெற்றோரின் இடத்தில் இருப்பவர்கள். பெற்றோருக்குரிய மறைக்கல்விக் கடமை அவர்கள் இடத்தில் இருப்போருக்கும் உண்டு என்று திருச்சபைச் சட்டம் 774 நினைவூட்டுகிறது. இதில் தாத்தா பாட்டியரின் பங்கு சிறியதன்று. திமொத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது, பவுல் முதலில் குறிப்பிடுவது அவருடைய பாட்டி லோயியைத்தான் (2 திமொத்தேயு 1:5). 2008ஆம் ஆண்டு குடும்பங்களுக்கான திருப்பீட அவை தன் நிறையமர்வுக் கூட்டத்தில் தாத்தா பாட்டியரையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டதும் இதனால்தான்.

பங்கும் அன்பியமும் என்ன செய்யலாம்?

பேரப்பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் முதியோர் நம் அன்பியத்தில் யார் யார் என்று நமக்குத் தெரியுமா? அவர்களுக்கு அறிவுரை சொல்லப் பலர் உண்டு. மருத்துவமனையில் ஓரிரவு துணைக்கு இருக்க ஆளில்லை. பள்ளிக் கட்டணத்துக்கு வின்சென்ட் தே பவுல் சபையினர் உதவலாம். பங்கிலுள்ள வழக்கறிஞர் ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை இலவசமாக ஆலோசனை தரலாம். ஞானத்தாயும் ஞானத்தந்தையும் கிறிஸ்மஸ் துணியோடு நிறுத்திவிடாமல், வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க வரலாம்.

ஒன்றைச் செய்யாமல் இருப்பதும் உதவியே. நீதிமன்ற ஆணைப்படி தந்தை பிள்ளையைப் பார்க்க வரும்போது, தெருவே கூடி நின்று வேடிக்கை பார்ப்பதும், "உன் அப்பன் வந்துட்டான் பார்" என்று பிள்ளையின் காதில் ஓதுவதும் வேண்டாம். பிரிந்து வாழும் பெற்றோர் பிள்ளையை ஒருபோதும் பிணைக்கைதியாக ஆக்கிக்கொள்ளக் கூடாது என்று, 2016ஆம் ஆண்டு வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' என்னும் திருத்தூது ஊக்கவுரையில் (எண் 245) திருத்தந்தை பிரான்சிஸ் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோள் தாத்தா பாட்டியருக்கும் பொருந்தும்.

கொடுக்க வேண்டிய நேரம் வந்தால்

மகளை இழந்த வீட்டுக்கு, பேரப்பிள்ளையின் முகம்தான் மகளின் முகம். அந்தப் பிள்ளையையும் கொடுத்துவிடு என்று நீதிமன்றம் சொல்லும்போது அது இரண்டாவது அடக்கம் போலத்தான் இருக்கும். அந்த வேதனையைச் சட்டப் பிரிவுகள் ஆற்றாது. "சட்டத்துக்குக் கீழ்ப்படியுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகவும் நமக்கு மனம் வராது.

ஆனாலும் நகோமியை நினைத்துப் பார்ப்போம். கணவரையும் இரு புதல்வரையும் அந்நிய நாட்டில் அடக்கம் செய்துவிட்டு வெறுங்கையாகத் திரும்பியவர் அவர். பின்னர் ரூத்துக்கும் போவாசுக்கும் பிறந்த ஓபேதை மடியில் எடுத்து வளர்த்தார் (ரூத்து 4:16). அவன் அவரது இரத்தத்தின் பேரன் அல்லன். அவனுக்குத் தாயும் தந்தையும் இருந்தார்கள். நகோமி அவர்களது இடத்தைப் பறிக்கவில்லை; தம் மடியை மட்டும் கொடுத்தார். அந்த ஓபேதின் வழிமரபில்தான் தாவீது வந்தார், நம் ஆண்டவரும் வந்தார்.

நல்ல தந்தை ஒருவர் திருந்தி வந்து கேட்கும்போது, பிள்ளையின் கையைப் பிடித்து அவர் கையில் கொடுப்பதும் வளர்ப்பின் ஒரு பகுதியே. தகுதியற்ற ஒருவரிடமிருந்து பிள்ளையைக் காக்க 70 வயதில் நீதிமன்றப் படியேறுவதும் அதே அன்பின் மறுபக்கமே. எது இது, எது அது என்று பிரித்தறிவதற்குத்தான் நமக்குச் செபமும் நல்ல ஆலோசனையும் தேவை. சாலமோன் கடவுளிடம் கேட்டதும் பகுத்தறியும் இந்த உள்ளத்தைத்தான்.

சிந்திக்க:

பிள்ளைக்காக வழக்காடுகிறோமா, மருமகன்மேல் அல்லது மருமகள்மேல் உள்ள கோபத்துக்காக வழக்காடுகிறோமா?

பிள்ளையின் முன்னிலையில் அதன் தந்தையையும் தாயையும் பற்றி எப்படிப் பேசுகிறோம்?

நம் அன்பியத்தில் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் முதியோரை இந்த வாரம் யார் போய்ப் பார்க்கப் போகிறோம்?

செபம்:

அன்புத் தந்தையே இறைவா, பெற்றோரின் அரவணைப்பை இழந்த பிள்ளைகளை உம் கரத்தில் ஒப்படைக்கிறோம். தளர்ந்த வயதிலும் அவர்களைச் சுமக்கும் தாத்தா பாட்டியருக்கு உடல் நலத்தையும் மன உறுதியையும் தாரும். நீதிபதிகளுக்குச் சாலமோனின் ஞானத்தைத் தாரும். பிரிந்து நிற்கும் குடும்பங்களில் பிள்ளைகளின் பொருட்டாவது அமைதி மலரச் செய்தருளும். புனித சுவக்கினே, புனித அன்னாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். ஆமென்.